அரைப்பேர்

மூன்றாம் தீம்பாரில் லயம் இல்லை இப்போது.
தண்ணீர்த் தொட்டியின் நாலு கால் மட்டும் நிற்கிறது.
அதிலிருந்துதான் அளக்கிறோம்.
நாடாவின் ஒரு முனை யோகேஸ்வரனிடம்,
மறுமுனை என்னிடம்.
அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான்,
நான் டயர் கடையில் கணக்கெழுதுகிறேன்.
ஞாயிறு காலை ஏழு முதல்
கொசு விரட்டும்வரை
செத்தவர்களுக்கு முகவரி எழுதுகிறோம்.

முதல் மாதம் செம்பனையை நம்பினோம்.
ஒவ்வொரு மரத்துக்கும் வெள்ளைப் பெயிண்டில் எண் உண்டு:
நிரை பதினாலு, மரம் ஒன்பது,
வடக்கே மூன்றடியில் செங்கோடன்.
பிறகுதான் உறைத்தது,
இருபத்தைந்து வருடத்தில் மரத்தையும் சாய்ப்பார்கள்.
எல்லாவற்றையும் அடித்துவிட்டுத்
தொட்டிக்காலிலிருந்து மறுபடி தொடங்கினோம்.
தொட்டிக்கு எத்தனை வருடமோ.

தேய்ந்த எழுத்துக்குக் கண்ணாடி பிடிக்க வேண்டும்.
வெயிலைச் சாய்த்துவிட்டால்
பள்ளம் நிழலாகி எழுத்து எழும்.
மூட்டமான நாளில் ஒருதடவை கோதுமை மாவு தூவினேன்.
விக்ரம வருடம் ஆடி ஒன்பது,
அம்மாக்கண்ணு,
'இரைவனடி சேர்ந்தார்'.
கொத்தியவன் பிழை. திருத்தாமல் அப்படியே எழுதிக்கொண்டேன்.
படம் எடுப்பதற்குள் எறும்பு வந்துவிட்டது.
'இரை' முதலில் போயிற்று.

நில அலுவலகத்தில் ஆதாரம் கேட்டார்கள்.
கோபமாகக் கேட்கவில்லை,
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது.
புதிய தாமானின் வரைபடத்தில் இந்த இடம்
சிறுவர் விளையாட்டுத் திடல், இரண்டாம் கட்டம்.
ஊஞ்சல்கூடப் போட்டிருந்தார்கள், பச்சை மையில்.

பழைய கிராணி பீதாம்பரத்தின் மகள்
கோழிக்கூண்டுக்கு மேலே தகரப்பெட்டியில் வைத்திருந்தாள்,
கரையான் மிச்சம் வைத்த மூன்று செக்ரோல்.
பால் வெட்டினார்கள், குழி வெட்டினார்கள்,
பேர் வெட்டினார்கள்.
எங்கள் பேச்சில் எல்லாமே வெட்டுதான்.
சிவப்புக் கோடு விழுந்த தேதியையும்
கல்லில் இருக்கும் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.
இருபத்தாறு பேர் சேர்ந்தார்கள்.
அம்மாக்கண்ணுக்கு அந்த நாளில் அரைப்பேர் போட்டிருந்தது.
காலையில் மரம் வெட்டியிருக்கிறாள்.
மிச்ச அரை நாளுக்குச் சம்பளம் இல்லை.

கைக்குழந்தைகளுக்குச் செக்ரோல் கிடையாது.

அதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான்
குலை வெட்ட வந்த ஜஹாங்கீர்
தள்ளுவண்டியை நிறுத்தினான்.
'சினி அட குபூர்,' என்றான்,
நாங்கள் இரண்டு ஞாயிறு நடந்து தீர்த்த இடத்தில்.
புல்லை விலக்கிக் காட்டினான்:
கவிழ்த்து வைத்த பால் மங்குகள், ஏழு,
பாதி மண்ணுக்குள்.
மருந்து அடிக்கும்போது அந்த ஏழு அடிக்கு
குழாயை மூடிக்கொண்டு நடப்பானாம்.
யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.
அவனுக்குக் கேள்வி புரியவில்லை,
அல்லது என் மலாய் சரியில்லை.

ஏழு மங்கு, பேர் இல்லை, தேதி இல்லை.
ஆதாரம் என்ற கட்டத்தில்
'கவிழ்த்து வைத்தது' என்று எழுதினேன்.
யோகேஸ்வரன் சிரித்தான். அழிக்கச் சொல்லவில்லை.

கடைசியாக ஓடைக்கரையில் ஒரு மேடு.
குழியா, வெறும் புற்றா, தெரியவில்லை.
குச்சியால் குத்திப் பார்க்கலாம் என்றான்.
பாம்பு இருந்தால்?
ஆள் இருந்தால்?
நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றோம்.
மழை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டது.

மொத்தம் என்ற இடத்தில் எழுபத்தொன்று என்றிருந்ததை
எழுபத்திரண்டு ஆக்கினேன்.
நாளை புற்று என்று தெரிந்தால்
அலுவலகம் அடிக்கட்டும், சிவப்பு மையில்.
அதுவரை
அந்த மேட்டுக்கும்
ஒரு அரைப்பேர்.